வெள்ளம் அடித்துப்போன சாலைக்கு ஃபீமா பணம்: வாங்கிப் பார்த்தவர்களின் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. பணத்தின் அளவுக்கு நாலரை போடலாம், விதிகள் எழுத்தில் இருப்பதற்கு நாலு போடலாம், வேகத்துக்கு ஒன்றரைக்கு மேல் போட மனசு வரவில்லை. நான் சொல்வது அமெரிக்காவில் ஒன்றிய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா (FEMA) நடத்தும், பேரிடரில் சேதமான பொதுச் சொத்தைச் சீரமைக்கப் பணம் தரும் ‘பப்ளிக் அசிஸ்டன்ஸ்’ திட்டத்தைப் பற்றி, அதிலும் சாலைகளுக்கும் பாலங்களுக்குமான ‘கேட்டகரி சி’ பற்றி மட்டும். தனி மனிதர் போய் வாங்குகிற சேவை இல்லை இது. டவுன், கவுண்டி, மாநிலம், பழங்குடி அரசு, இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஆனால் நம்மாட்கள் நிறையப் பேர் கவுண்டிப் பொறியியல் பிரிவுகளிலும் மாநிலச் சாலைத் துறைகளிலும் கன்சல்டிங் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள், சிலர் டவுன் கமிட்டிகளிலும் உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள், பெருமழை வந்த வாரத்தில் யாராவது ஒருவர் “இதை எப்படி அப்ளை பண்றது” என்று கேட்காமல் இருப்பதில்லை. சிறிய டவுன்களுக்கு இந்தக் காகித வேலையில் கைகொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் கருத்து ஒன்றுதான். சாலை உடைந்திருக்கிறது என்பது இந்தத் திட்டத்துக்குப் போதாது. உடைவதற்கு முந்தைய நாள் அது எந்த நிலையில் இருந்தது என்று எடுத்துக்காட்டத் தெரிந்த டவுனுக்குப் பணம் சரளமாக வருகிறது, அப்படிக் காட்ட முடியாத டவுன் அதே வெள்ளத்தில், அதே அளவு சேதத்தோடு, கேள்விக்குப் பதில் எழுதியே ஓய்ந்துபோகிறது. விண்ணப்பம் மழைக்கு முன்பே பாதி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னால் மிகை இல்லை.

சரி, நல்லதிலிருந்து தொடங்கலாம். 1988-இன் ஸ்டாஃபர்டு சட்டம் என்ற பேரிடர் நிவாரணச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் பங்கு குறைந்தது 75 சதவீதம். மீதி 25-ஐ மாநிலமும் உள்ளாட்சியும் பகிர்ந்துகொள்கின்றன, எந்த விகிதத்தில் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வெர்மான்ட் மாநிலத்து ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது: டவுன் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தால் மாநிலம் 7.5 சதவீதம்தான் தரும், சாலை பாலத் தரவிதிகளை முறைப்படி ஏற்பது, பேரிடர்த் திட்டம் வைத்திருப்பது போன்ற சிலவற்றைச் செய்திருந்தால் 12.5, அதற்கும் மேலே ஆற்றங்கரைப் பாதுகாப்பு விதியும் இருந்தால் 17.5. அதாவது முழு வீட்டுப்பாடமும் செய்த டவுன் நூறு டாலர் வேலைக்கு ஏழரை டாலர்தான் தன் கையிலிருந்து போடுகிறது. ஆண்டு பட்ஜெட்டே சில லட்சம் டாலருக்குள் முடிந்துவிடும் ஒரு மலை டவுனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இனி முதல் இடறல். எல்லா பொதுச் சாலையும் ஃபீமாவுக்குப் போவதில்லை. ஒன்றிய நெடுஞ்சாலை நிதிக்குத் தகுதியான ‘ஃபெடரல் எய்ட்’ சாலைகள் என்று ஒரு வகை உண்டு, அவற்றின் நிரந்தரச் சீரமைப்புக்கு ஒன்றிய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ‘எமர்ஜென்சி ரிலீஃப்’ திட்டம்தான் கதி, அது மாநிலச் சாலைத் துறை வழியாக வரும். உள்ளூர்ச் சாலைகளும், கிராமப்புறத்தில் ‘மைனர் கலெக்டர்’ (சிறு இணைப்புச் சாலை) என்று வகைப்படுத்தப்பட்டவையும் அந்தத் திட்டத்துக்கு வெளியே, அவைதான் ஃபீமா கணக்கு. அந்த நெடுஞ்சாலைத் திட்டத்தின் சலுகைகளும் மோசமில்லை, முதல் 270 நாளுக்குள் செய்யும் அவசர வேலைக்கு நூறு சதவீதம் கிடைக்கிறது (2021-இன் உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு முன் இது 180 நாள்), நிரந்தர வேலைக்குப் பொதுவாக 80, இன்டர்ஸ்டேட்டாக இருந்தால் 90. ஆனால் அதற்கு ஆண்டுக்கு ஒதுக்கியிருக்கும் நிரந்தர நிதி 10 கோடி டாலர்தான், பெரிய புயல் ஒன்று வந்தாலே அது பற்றாது, காங்கிரஸ் கூடுதலாக ஒதுக்கும்வரை வரிசையில் நிற்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40 நெடுஞ்சாலையின் கிழக்குநோக்கிய பாதையை ஆற்றோடு கொண்டுபோனதே, அது இந்த வகை. அதே பள்ளத்தாக்கில் ஒரு சிறிய உள்ளூர்ச் சாலை போயிருந்தால் அது ஃபீமா வகை. ஒரே சந்திப்பில் ஒரு கை இந்தத் திட்டம், இன்னொரு கை அந்தத் திட்டம் என்றுகூட வரும். சாலை வகைப்பாட்டு வரைபடம் மாநிலச் சாலைத் துறையிடம் இருக்கும், அதை முதலில் விரித்து வைத்துக்கொண்டு உடைந்த இடங்களைக் குறியுங்கள். தவறான கதவைத் தட்டிவிட்டுப் பிறகு மாறுவதில் போகும் காலம் எந்தப் படிவத்திலும் திரும்பக் கிடைக்காது.

தனியார் சாலை என்றால் பொதுவாக இரண்டு திட்டத்திலும் இடமில்லை. வீட்டு உரிமையாளர் சங்கம் வைத்திருக்கும் சாலைகளும் இதில் அடக்கம், நம்மவர்கள் பலர் குடியிருக்கும் புதிய குடியிருப்புகளில் சாலை சங்கத்துக்குச் சொந்தம் என்பதே பலருக்கு ஒரு பள்ளம் விழுந்த பிறகுதான் தெரிகிறது. வட கரோலினாவில் கவுண்டிகளுக்குச் சொந்தச் சாலை என்ற ஒன்றே கிடையாது, மாநிலத்துடையது, நகராட்சியுடையது, இல்லாவிட்டால் தனியார். அதனால் ஹெலீனுக்குப் பிறகு மலைப்பக்கத்தில் தனியார் பாதையும் தனியார் சிறுபாலமும் பெரிய தலைவலியாக இருந்தன. யார் சாலை என்பதற்கு ஆவணம் வேண்டும், “டவுன் வண்டிதான் இங்கே பனி அள்ளும்” என்று சொல்வது மட்டும் சட்டப்படியான பராமரிப்புப் பொறுப்புக்கு ஆதாரம் ஆகாது.

அடுத்து, பேரிடர் அறிவிப்பு. ஆளுநர் கேட்டு, குடியரசுத் தலைவர் அறிவித்தால்தான் கதவே திறக்கும். அதற்கு முன் முதற்கட்டச் சேத மதிப்பீடு நடக்கும், அதில் மாநிலச் சேதத்தையும் கவுண்டிச் சேதத்தையும் மக்கள்தொகையால் வகுத்துப் பார்ப்பார்கள். 2024 நிதியாண்டில் அந்த அளவுகோல் மாநிலத்துக்குத் தலைக்கு 1.84 டாலர், கவுண்டிக்குத் தலைக்கு 4.60 டாலர். 20,000 பேர் வாழும் கவுண்டி என்றால் 92,000 டாலர் சேதம் காட்ட வேண்டும். கேட்பதற்குச் சின்னத் தொகை, இரண்டு கல்வெர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்) போனாலே தாண்டிவிடும். சிக்கல் என்னவென்றால் மாநில அளவையும் சேர்த்தே பார்ப்பார்கள், மழை ஒரு மூலையில் மட்டும் கொட்டித் தீர்த்திருந்தால் பெரிய மாநிலத்தில் அது கணக்கிலேயே தெரியாது. உள்ளூர்க்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: தண்ணீர் வடிந்ததுமே கவுண்டி பேரிடர் அலுவலருக்குத் தோராயக் கணக்கையாவது அனுப்புவது. முழு எஸ்டிமேட் போட்டு முடித்துவிட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்திருந்த டவுனின் சேதம் மாநிலக் கூட்டுத்தொகையில் ஏறாமல் போகும்.

அறிவிப்பு வந்து உங்கள் கவுண்டி பட்டியலில் சேர்ந்த 30 நாளுக்குள் உதவிக் கோரிக்கை போட வேண்டும். இது சுலபம். கிராண்ட்ஸ் போர்ட்டல் என்ற இணைய வாசல் வழியாகத்தான் எல்லாமே, கணக்கு தொடங்கி அடிப்படை விவரம் கொடுத்தால் போதும். ஒன்றிய அரசின் பதிவுத் தளத்தில் டவுனுக்கு ஓர் அடையாள எண் இருக்க வேண்டும், அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட்டல் பார்ப்பதற்கு அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது, எந்த ஆவணம் எப்போது ஏறியது, யார் பக்கம் கோப்பு நிற்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. அரசு மென்பொருளுக்கு அது போதும் என்பேன்.

அப்புறம் ஒரு திட்டப் பொறுப்பாளரை ஒதுக்குவார்கள், அவர் அழைத்துப் பேசுவார், பிறகு நேரில் ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் சேதம் முழுவதையும் பட்டியலிட்டுவிட வேண்டும். இந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். காட்டுக்குள் போகும் ஒரு சாலையின் கடைசிக் கல்வெர்ட்டைப் பனி உருகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது பட்டியலுக்கு வெளியே போய்விடும். பொறுப்பாளர்கள் பாதியில் மாறிப்போவது இந்தத் திட்டத்தின் மேல் நாடு முழுக்க உள்ளாட்சிகள் சொல்லிவரும் பழைய குறை, அடுத்து ஒரு புயல் வேறு மாநிலத்தைத் தாக்கினால் ஆட்கள் அங்கே போகத்தானே வேண்டும். ஆகவே வாய்மொழியாக எதையும் விடாதீர்கள். பேசி முடித்ததும் “இன்று இப்படி முடிவானது” என்று ஒரு மின்னஞ்சல், அதையும் போர்ட்டலில் ஏற்றிவிடுங்கள்.

இனி உண்மையான வேலை. ஒவ்வொரு இடத்துக்கும் சேத விவரமும் அளவுகளும் எழுத வேண்டும். “சாலை ஓரம் அரித்துப்போனது” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அட்சரேகை தீர்க்கரேகை, நீளம், அகலம், ஆழம், போனது என்ன பொருள், மேலே தாரா, கப்பியா, அடியில் எத்தனை அங்குலம் அடித்தளம். உதாரணமாக 120 அடி நீளம், 6 அடி அகலம், சராசரி 3 அடி ஆழம் என்று எழுதினால் 2,160 கன அடி, 27-ஆல் வகுத்தால் 80 கன யார்டு. அந்த 80 யார்டுதான் எஸ்டிமேட்டில் பேசும், அங்கிருந்து லாரி நடை, கூலி, இயந்திர மணிநேரம் எல்லாம் தானாக வரும். சராசரி ஆழத்தைக் கண்ணளவில் போடாமல் நாலைந்து இடத்தில் அளந்து போடுங்கள். படத்தில் அளவுகோல் ஒன்று நிற்க வேண்டும், சாலைப் பெயர்ப்பலகையோ, மின்கம்ப எண்ணோ தெரிகிற மாதிரி ஒரு தூரப்படம், அப்புறம் கிட்டப்படம்.

சாலைப் பணியாளர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம். ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்று இரவோடு இரவாகக் கப்பியைக் கொட்டி நிரப்புவதுதான் அவர்களுடைய இயல்பு, அது சரியான இயல்பும்கூட. திட்டமும் அதை மறுப்பதில்லை, போக்குவரத்தைத் திறக்கும் தற்காலிக வேலை ‘கேட்டகரி பி’ என்ற அவசர வகையில் வரும். ஆனால் நிரப்புவதற்கு முன் செல்போனில் படம் எடுத்து, டேப் போட்டு அளந்து, எந்த லாரியில் எத்தனை நடை என்று குறித்துவிட்டால் போதும், அந்த வேலையின் பில்லும் அந்த இடத்தின் சேதமும் இரண்டுமே நிற்கும். அதைச் செய்யாமல் நிரப்பிய குழியை யாராலும் பிறகு அளக்க முடியாது.

கணக்கில் ஒரு வினோதம். அவசர வேலையில் சொந்தப் பணியாளர்களின் கூடுதல் நேரச் சம்பளம் மட்டுமே ஏற்கப்படும், வழக்கமான நேரச் சம்பளம் பட்ஜெட்டில் ஏற்கனவே இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். நிரந்தரச் சீரமைப்பில் இரண்டுமே ஏற்கப்படும். வண்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் ஃபீமாவிடம் மணிநேர விலைப்பட்டியல் உண்டு, கிரேடர் (சாலையைச் சமன்படுத்தும் இயந்திரம்) ஓடிய மணியும் அதை ஓட்டியவரின் சம்பள மணியும் பொருந்த வேண்டும். கிரேடர் எட்டு மணி, ஓட்டுநர் ஆறு மணி என்று இருந்தால் அந்த இரண்டு மணி கிரேடரை ஓட்டியது யார் என்று நிச்சயம் கேட்பார்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், சாலையின் முந்தைய நிலை. பேரிடரால் நேரடியாக ஏற்பட்ட சேதத்துக்குத்தான் பணம், காலம் தாழ்த்திய பராமரிப்புக்கு இல்லை. குண்டும் குழியுமாக, ஓரம் சரிந்து, வடிகால் அடைத்துக்கொண்டு கிடந்த சாலையை வெள்ளத்தின் பெயரில் புதிதாக்கிக்கொள்ளக் கூடாது என்பது நியாயமான விதிதான், வரிப்பணம் எல்லாருடையதும். ஆனால் நடைமுறையில் ஆதாரச் சுமை விண்ணப்பதாரர் தலையில். கப்பிச் சாலைகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தார் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியும், மேல்மட்டக் கப்பி எத்தனை அங்குலம் இருந்தது, எத்தனை போனது என்பதை வெறும் படத்தை வைத்து எப்படிச் சொல்வது? இங்கேதான் பழைய காகிதங்கள் பேசும். கடந்த ஆண்டு கப்பி வாங்கிய பில், எந்தச் சாலைக்கு எத்தனை லோடு போனது என்ற குறிப்பு, கிரேடர் ஓட்டுநரின் நாட்குறிப்பு, டவுன் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் “இந்தச் சாலையின் வடிகால் தூர் வாரப்பட்டது” என்ற ஒரு வரி, கல்வெர்ட் பட்டியலில் விட்டம், பொருள், போட்ட ஆண்டு, நிலை. எதுவுமே இல்லாதவர்கள் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படம் தேடுவார்கள், பிரதான சாலைக்குக் கிடைக்கும், முட்டுச்சந்துக்குக் கிடைக்காது.

என் பெரிய புகார் இதுதான், விதியின் மேல் இல்லை, அது யாரை எப்படித் தாக்குகிறது என்பதன் மேல். பெரிய கவுண்டியில் சாலைச் சொத்து மேலாண்மை மென்பொருள் இருக்கும், பொறியாளர்கள் இருப்பார்கள். சின்ன டவுனில் சாலைத் தலைவர் ஒருவர், அவருக்கு உதவியாள் ஒருவர், பகுதிநேர எழுத்தர் ஒருவர், முப்பது வருட நினைவு முழுக்க அந்தத் தலைவரின் மண்டையில். நல்ல மனிதர், நல்ல வேலை, ஒரு காகிதம் இல்லை. அவர் சாலையை எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும், அரைகுறையாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதி வைத்த பக்கத்து டவுன் முந்திக்கொள்ளும்.

மலைச்சாலைக்கு இன்னொரு கண்ணி. சரிவு சரிந்து சாலை போயிருந்தால், அந்தச் சரிவு ஏற்கனவே நிலையில்லாமல் இருந்ததா என்று பார்ப்பார்கள். இருந்தது என்றால் மண்ணை நிலைப்படுத்தும் செலவு டவுனின் தலையில், அதைச் செய்து முடித்த பிறகே சாலைக்கான பணம். சாலையைவிட மண் வேலை பல மடங்கு அதிகமாகும் இடங்களில் இது விண்ணப்பத்தையே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும். மண்ணியல் பொறியாளரின் அறிக்கை இல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முயலாதீர்கள்.

கல்வெர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், சாலைச் சேதத்தின் வேரே பெரும்பாலும் அங்கேதான். 18 அங்குலக் குழாய் வழியாகப் போகவேண்டிய தண்ணீர் போக முடியாமல் சாலை மேல் ஏறி, மறுபக்கம் விழுந்து, கரையை அடியிலிருந்து அரித்து, குழாயோடு சாலையையும் கொண்டுபோகிறது. திட்டத்தின் அடிப்படை விதி, பேரிடருக்கு முன் இருந்த வடிவமைப்புக்கும் கொள்ளளவுக்கும் மீட்பது. அப்படியென்றால் மறுபடியும் 18 அங்குலமா? மறுபடியும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கப்பியா? 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெர்மான்ட்டில் 13 ஊர்களை வெளித்தொடர்பில்லாமல் துண்டித்தபோது இந்தக் கேள்வி பெரிதாகவே எழுந்தது, அதற்கப்புறம் 2023 ஜூலையில் ஒரு வெள்ளம், சரியாக ஓராண்டு கழித்து 2024 ஜூலையில் இன்னொன்று.

பெரிய குழாய்க்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தரவிதி. உங்கள் டவுன் “ஓடைக் கல்வெர்ட் இந்த அளவுக்குக் குறையக்கூடாது” என்று எழுத்தில், முறைப்படி, பேரிடர் அறிவிப்புக்கு முன்பே ஏற்றிருக்க வேண்டும், அது எல்லாச் சாலைக்கும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும், அப்புறம் முக்கியமாக, நடைமுறையில் அமல்படுத்தியிருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் மட்டும் விதியை எடுத்துக் காட்டிவிட்டு, சொந்தக் காசில் போடும்போது சின்னக் குழாயையே போட்டு வந்திருந்தால் எடுபடாது. எல்லா நிபந்தனைக்கும் பொருந்திவிட்டால் பெரிய கல்வெர்ட்டின் செலவு சீரமைப்புச் செலவாகவே ஏற்கப்படும், இது மிகப் பெரிய விஷயம். ஒரு மாலைக் கூட்டத்தில் நிறைவேற்றக்கூடிய தீர்மானம், அதைச் செய்யாத டவுன்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

இன்னொன்று, தணிப்பு நிதி. உடைந்த பகுதியை அடுத்த முறை உடையாதபடி பலப்படுத்தக் கூடுதல் பணம். சீரமைப்புச் செலவில் 15 சதவீதத்துக்குள் என்றால் பெரிய ஆய்வு இல்லாமல் செலவுக்கேற்ற பலன் உள்ளதாக எடுத்துக்கொள்வார்கள், முன்பே ஒப்புதல் பெற்ற சில வகை வேலைகளுக்குச் சீரமைப்புச் செலவின் நூறு சதவீதம்வரை போகலாம், அதற்கும் மேல் வேண்டுமானால் பலன்-செலவுக் கணக்கு போட்டுக் காட்ட வேண்டும். குழாயின் வாயில் கல் பாவுவது, தலைச்சுவர் கட்டுவது, விட்டத்தைக் கூட்டுவது எல்லாம் இதில் வரும். விட்டத்தைக் கூட்டும்போது கீழ்ப்பக்கம் என்ன ஆகும் என்று நீரியல் கணக்கு கேட்பார்கள், நியாயம்தான், உங்கள் சாலையைக் காப்பாற்றிய தண்ணீர் கீழே இருக்கிறவர் வீட்டுக்குள் போகக்கூடாதே. இந்த நிதி தானாக வராது, கேட்க வேண்டும். கேட்காமலேயே பழைய மாதிரி கட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம், என் பார்வையில் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இது, மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் பகுதியும் இதுவே.

ஒரு எச்சரிக்கை. இருந்ததை மாற்றிக் கட்டுவதானால், சுற்றுச்சூழல் மற்றும் வரலாற்றுப் பாதுகாப்பு ஆய்வு முடியாமல் மண்வெட்டியை வைக்காதீர்கள். ஓடையில் அருகிவரும் மீன் இருக்கலாம், கல் கட்டிய பழைய பாலம் வரலாற்றுச் சின்னமாக இருக்கலாம், ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி தேவைப்படலாம். ஆய்வுக்கு முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்கான பணம் முழுவதையும் இழக்க நேரலாம். இதில் போகும் மாதங்களுக்குத்தான் வேகத்தில் மதிப்பெண்ணைக் குறைத்தேன், கட்டுமானக் காலமே கோடையில் சில மாதம்தான் இருக்கும் வடக்கு மாநிலங்களில் ஒரு அனுமதி தாமதமானால் ஒரு முழு ஆண்டு போய்விடுகிறது. நிரந்தர வேலைக்குக் கெடு அறிவிப்பிலிருந்து 18 மாதம், அவசர வேலைக்கு 6 மாதம். நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் கெடு தாண்டுவதற்கு முன் கேளுங்கள், காரணத்தோடு கேளுங்கள்.

பணம் கைக்கு வரும் விதம் தொகையைப் பொறுத்தது. 2022 ஆகஸ்டில் சிறு திட்டத்தின் உச்சவரம்பைப் பத்து லட்சம் டாலராக உயர்த்தினார்கள், அதன்பின் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறுகிறது. டவுன் சாலைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும், இது நல்ல மாற்றம். சிறு திட்டத்தில் மதிப்பீட்டை வைத்தே தொகை தீர்மானமாகும், ஒவ்வொரு ரசீதுக்கும் தனித்தனியாக வாதாட வேண்டியதில்லை. பெரிய திட்டத்தில் உண்மைச் செலவு காட்டக் காட்டத்தான் வரும், அதாவது டவுன் முதலில் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும், கடன் வாங்கியாவது. அந்தக் கடனின் வட்டியை நினைத்து ராத்திரி தூங்காத பொருளாளர்களை எனக்குத் தெரியும். ஒன்றிய அரசு ஒதுக்கிய பணமும் மாநிலம் வழியாகத்தான் வரும், ஃபீமா பக்கம் ‘ஒதுக்கப்பட்டது’ என்று காட்டுவதும் டவுன் வங்கிக் கணக்கில் விழுவதும் ஒரே நாளில் நடக்கும் சமாச்சாரம் இல்லை.

ஒப்பந்தம் விடுவதில் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். சாலை மூடிக்கிடக்கும் அவசர நேரத்தில் பக்கத்து ஊர் ஒப்பந்தக்காரரை நேராகக் கூப்பிடலாம், விதி அதை அனுமதிக்கிறது. அவசரம் தீர்ந்ததும் அந்த அனுமதியும் தீர்ந்துவிடுகிறது, அப்புறம் டெண்டர்தான். செலவின் மேல் இத்தனை சதவீதம் லாபம் என்று போடும் ஒப்பந்தம் கூடவே கூடாது, எத்தனை நம்பகமான ஆளாக இருந்தாலும். டவுனின் சொந்தக் கொள்முதல் விதி, மாநில விதி, ஒன்றிய விதி, இவற்றில் எது கடுமையோ அதைப் பின்பற்றினால் தப்பிக்கலாம்.

தொகையை மறுத்தாலோ குறைத்தாலோ மேல்முறையீடு உண்டு, முடிவு கிடைத்த 60 நாளுக்குள், முதலில் மண்டல அளவில், அடுத்து தலைமையகத்தில். மேல்முறையீட்டில் பழைய கோப்பையே மறுபடி அனுப்புவதில் பயனில்லை, எந்த விதி, எந்தப் பக்கம், எந்த ஆவணம் என்று காட்ட வேண்டும். இந்தத் திட்டத்துக்கு ஃபீமா வெளியிடும் விதி நூலின் எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதும் முக்கியம், உங்கள் பேரிடர் அறிவிக்கப்பட்ட நாளில் நடப்பில் இருந்ததுதான் உங்களுக்கு. நான்காம் பதிப்பு 2020 ஜூன் முதல், ஐந்தாம் பதிப்பு 2025 ஜனவரி 6 முதல் அறிவிக்கப்பட்டவற்றுக்கு. மற்ற டவுன்களின் மேல்முறையீட்டு முடிவுகளை ஃபீமாவே வெளியிட்டு வைத்திருக்கிறது, உங்கள் மாதிரியே கப்பிச் சாலைக்குச் சண்டை போட்டவர்கள் ஏன் ஜெயித்தார்கள், ஏன் தோற்றார்கள் என்று படிக்கலாம், எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அது மேல்.

கடைசியாக ஆலோசகர்கள். 2018-க்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கென்றே தனி ஒதுக்கீடு உண்டு, உள்ளாட்சிக்கு மொத்தத் தொகையில் 5 சதவீதம்வரை. பகுதிநேர எழுத்தரின் கூடுதல் மணிநேரமும், வெளியிலிருந்து ஆள் வைத்தால் அவருக்கான கட்டணமும், குறித்து வைத்த மணிக்கணக்கு இருந்தால் இதிலேயே அடங்கும். புயல் ஓய்ந்த வாரத்தில் டவுன் அலுவலகத்துக்கு ஒருவர் வந்து, “முன்பணம் எதுவும் வேண்டாம், வாங்கித் தருகிற தொகையில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள்” என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள், அந்த மாதிரிக் கட்டணத்தை ஃபீமா ஈடுகட்டாது, அது முழுக்க டவுன் கையிலிருந்துதான் போகும். மணிக்கு இவ்வளவு, மொத்தம் இதற்கு மேல் போகாது என்று எழுதித் தருகிறவராகப் பாருங்கள்.